கதையை விட்டு ஓடுறவங்களை விரட்டிப் பிடிக்காதீங்க

ரோல் பிளே நடத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் ஒரு வசனம் ரெடியாக இருக்கும். "நல்ல யோசனைதான் தம்பி, ஆனா இப்ப நம்ம கதைக்கு வாங்க." இந்த வசனத்துக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்போம். சனசமூக நிலையத்திலோ பாடசாலை மண்டபத்திலோ ஒரு பட்டறை வைப்பாங்க. பிரிஸ்டல் போர்ட், மார்க்கர், மத்தியானத்துக்குச் சோத்துப் பார்சல். "நீங்க தொரை, நீங்க தலைவர், நீங்க மூணு பேரும் லயத்து ஆக்கள்" என்று பிரிச்சுவிட்டு, ஆளுக்கொரு தாள் கொடுப்பாங்க. தாளில் பிரச்சினையும் இருக்கும், அது தீர வேண்டிய விதமும் இருக்கும். லயத்தில் தண்ணி வரல. ஆக்கள் தலைவரிடம் போகணும். தலைவர் தொரையிடம் பேசணும். கடைசியில் எல்லாரும் கைகுலுக்கணும். அப்போ ஒரு பிள்ளை எழும்பி, "நாங்க தலைவர்கிட்ட போகமாட்டோம். ராத்திரியில யார் பைப்ப மேட்டு லயத்துக்குத் திருப்பி விடுறான்னு முதல்ல ஒளிஞ்சிருந்து பார்ப்போம்" என்று சொல்லும். மண்டபமே சிரிக்கும். நடத்துகிறவர் தன் தாளைப் பார்ப்பார். அதில் இது இல்லை. உடனே அந்த வசனம் வரும்.

அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாய் திறக்காது. மற்றவங்களும் விஷயத்தைப் பிடிச்சுக்குவாங்க: இங்கே நம்ம வேலை யோசிக்கிறது இல்லை, தாளில் எழுதியிருப்பதைக் கண்டுபிடிச்சுச் சொல்வதுதான். மிச்ச ஒன்றரை மணித்தியாலமும் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக நடிப்பாங்க. போட்டோ எடுப்பாங்க. முடிஞ்சது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி விளையாட்டு ஆடுகிறவர்கள், ஆட்டத்தை நடத்தும் ஆளை 'கேம் மாஸ்டர்' என்பாங்க. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்குவாங்க. கேம் மாஸ்டர் நிலைமையைச் சொல்வார்: எங்கே நிற்கிறீங்க, எதிரே யார், என்ன சத்தம் கேட்குது. ஆடுகிறவர்கள் தாங்கள் என்ன செய்யப்போறோம் என்று சொல்வாங்க. முடிவு இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடையை உருட்டுவாங்க. ஆட்கள் தயாரிச்சு வைச்ச கதையை விட்டு வேறு பக்கம் போவதுதான் கேம் மாஸ்டர்களுக்கு உலகம் முழுக்க இருக்கும் ஒரே தலைவலி. குகைக்குள்ளே போகச் சொன்னால் குகை வாசலில் கடை போட்டு உட்காருவாங்க.

என் கருத்து, அது தலைவலியே இல்லை. அந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது. நம்ம தோட்டத்துக் கூத்துக்கும் இந்த வித்தை தெரியும். அதைவிட முக்கியம், மலைச்சரிவில் லயம் கட்டி வாழும் நமக்கு இது விளையாட்டோடு மட்டும் நிற்கும் விஷயம் இல்லை.

குழம்பிப்போன ஒரு ஆட்டம்

1969. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பொம்மைச் சிப்பாய்களை வைச்சு போர் விளையாட்டு ஆடும் ஒரு இளைஞர் கூட்டம் இருந்தது. அதில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு புது ஆட்டம் தயாரிச்சார். நெப்போலியன் காலம், 'பிரவுன்ஸ்டைன்' என்று ஒரு கற்பனை ஜெர்மன் ஊர். வழக்கமாகப் படைத் தளபதிகள் மட்டும்தான் ஆடுவாங்க. வெஸ்லி ஊருக்குள் இருக்கிற ஆட்களையும் சேர்த்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி நோக்கம்.

ஒவ்வொருத்தராக வந்து தங்கள் கட்டளையைச் சொல்வாங்க, தான் விளைவைச் சொல்லலாம் என்பது வெஸ்லியின் திட்டம். நடந்தது வேறு. ஆட்கள் அவரைக் கேட்காமலே மூலைக்கு மூலை நின்று தங்களுக்குள் பேரம் பேச ஆரம்பிச்சாங்க. இரண்டு பேர் சண்டை பிடிச்சு, 'ஒத்தைக்கு ஒத்தை பார்த்துக்குவோம்' என்று அவர் முன்னால் வந்து நின்றாங்க. அப்படி ஒரு சண்டைக்கு அவரிடம் விதியே இல்லை. நின்ற இடத்தில் ஏதோ ஒன்றை யோசிச்சுத்தான் தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் குழம்பிப்போச்சு, தோல்வி என்று வெஸ்லி நினைச்சார். ஆடினவங்க அவரை விடல. எப்போ அடுத்த ஆட்டம் என்று கேட்டாங்க.

அந்தக் கூட்டத்தில் டேவ் ஆர்னிசன் என்று ஒருவர். இன்னொரு பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தில், புரட்சி வெடிக்கப்போகும் ஒரு சின்ன நாட்டில், துண்டுப்பிரசுரம் கொடுக்கும் ஆளாக ஆடினார். சி.ஐ.ஏ. ஆள் என்று காட்டும் ஒரு போலி அடையாள அட்டையைத் தானே தயாரிச்சுக் கொண்டுவந்து மற்ற ஆட்டக்காரர்களை நம்ப வைச்சாராம். நடத்தினவர் அதைத் தடுக்கல. அதே ஆர்னிசன் பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார். 'தாளில் இல்லை, செய்யக்கூடாது' என்று அன்று யாராவது நிறுத்தியிருந்தால் இன்று அந்த விளையாட்டு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதுக்கு இன்னும் பழைய வேர் ஒன்றும் உண்டு. 1824இல் பிரஷ்ய இராணுவம் அதிகாரிகளைப் பழக்க ரைஸ்விட்ஸ் என்பவர் தயாரிச்ச போர் விளையாட்டை எடுத்துக்கொண்டது. பகடை, அட்டவணை, கணக்கு எல்லாம் அதில் உண்டு. நடுவர் அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லணும், ஆட்டம் ஆமை வேகம். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணையை விடுங்க, போரை நேரில் கண்ட நடுவர் தன் அனுபவத்தை வைச்சே சொல்லட்டும் என்றார். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. எதிர்பாராததுக்குச் சட்டென்று பதில் சொல்லும் திறமை வாய்ச்சாலகத்தில் இருந்து வருவதில்லை. அந்த உலகத்தில் வாழ்ந்த அறிவில் இருந்து வருது. அப்படிப் பார்த்தால், தோட்டத்தைப் பற்றிய ஆட்டத்தை நடத்த கொழும்பில் இருந்து வரும் ஆளைவிட, பெரட்டுக்களத்தைப் பார்த்து வளர்ந்த நம்ம அக்காவுக்கும் அண்ணனுக்கும்தான் தகுதி கூட.

கம்பம் நட்டாச்சு, மிச்சம் ஆட்டம்

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். மலையகத் தோட்டங்களில் மாசி மாசம் ஆடும் காமன் கூத்தை எடுத்துக்குங்க. ரதியும் மன்மதனும், சிவனின் தவத்தைக் கலைக்கப் போவது, நெற்றிக்கண், மன்மதன் எரிவது, ரதியின் ஒப்பாரி. கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவங்க கையில் கொண்டுவந்த சொத்து அது. நாளும் முறையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனால் கம்பம் நடுவதும் காமன் எரிவதும் மாறாது.

கம்பம் நட்டாச்சு என்றால் ஆட்டம் தொடங்கிருச்சு. காமன் எரிஞ்சால் முடிஞ்சது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கு என்று பாருங்க. ஆட்டம் லயம் லயமாகப் போகும். ஒரு வாசலில் பத்து நிமிஷம், இன்னொரு வாசலில் அரை மணித்தியாலம். கோமாளி யாரை வம்புக்கு இழுப்பார் என்று எழுதி வைக்க முடியாது. திடீரென்று மழை கொட்டும். ரதி வேஷம் கட்டின அண்ணனுக்குத் தொண்டை கட்டும். கூட்டத்தில் ஒரு மாமா 'கொஞ்சம்' போட்டுட்டு வந்து ஆட்டத்துக்குள்ளேயே புகுந்திடுவார். யாருக்காவது சாமி வந்திடும். இதில் எதுக்கும் கூத்து நிற்பதில்லை. தப்பு அடிக்கிறவர் அடியை நீட்டுவார். வாத்தியார் அடுத்த பாட்டை எடுத்துக் கொடுப்பார். புகுந்த மாமாவையும் கோமாளி ஒரு பாத்திரமாக்கி, சிரிக்க வைச்சே வெளியே அனுப்பிடுவார். "மாமா, நம்ம கதைக்கு வாங்க" என்று ஒரு கோமாளியும் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் கோமாளியே இல்லை.

இதே காமன் கதையை வைச்சு தஞ்சாவூர்ப் பக்கம் இன்னொரு வேலை பண்ணியிருக்காங்க. லாவணி. மராட்டியர் காலத்தில் அங்கே வந்து தமிழில் ஊறிப்போன கலை. இரண்டு கட்சி எதிர் எதிரே உட்காருவாங்க. காமன் எரிஞ்சுதான் போனான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று மறு கட்சி. பெயரே எரிந்த கட்சி, எரியாத கட்சி. எதிர்க்கட்சி என்ன கேள்வி போடும் என்று முன்கூட்டியே தெரியாது. அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிப் பதில் கொடுக்கணும். யோசிச்சுப் பாருங்க, கதையின் முக்கியமான முடிவையே ஒரு கட்சி மறுக்குது. அதுக்காக யாரும் மேடையை விட்டு இறக்கல. மறுப்பதுக்கே ஒரு ஆசனம் போட்டுக் கொடுத்திருக்காங்க.

ஆக நம்ம மரபு சொல்லும் வழி ரொம்பத் தெளிவு. மாறக்கூடாத ஒன்றிரண்டு கம்பத்தை மட்டும் ஆழமாக நடு. நடுவில் இருக்கும் இடத்தை ஆடுறவங்களுக்கு விடு. பட்டறைக்காரங்க செய்வது தலைகீழ். நடுவில் நடக்கும் ஒவ்வொரு அடியையும் எழுதி வைச்சிருவாங்க. ஆனால் எதுக்காக இந்த ஆட்டம் என்று கேட்டால் பதில் இருக்காது.

விளக்குமாறு எடுத்த அம்மா

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போல் 1970களின் தொடக்கத்தில் பெரு நாட்டில் வேலை செய்தபோது நடந்த ஒன்றைத் தானே எழுதியிருக்கார். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு மனைவி. கணவன் சில தாள்களைக் கொடுத்து, முக்கியமான பத்திரம், பத்திரமாக வை என்று சொல்லியிருக்கான். அவையெல்லாம் இன்னொரு பெண் அவனுக்கு எழுதின காதல் கடிதங்கள் என்று பிறகுதான் மனைவிக்குத் தெரிய வருது. இனி அவள் என்ன செய்வாள்? பார்வையாளர்கள் யோசனை சொல்லணும், நடிகர்கள் அதை நடிச்சுக் காட்டுவாங்க. அதுதான் அன்றைய முறை.

கூட்டத்தில் ஒரு அம்மா, அவள் அவனிடம் தெளிவாகப் பேசணும் என்றார். நடிகை பேசிக் காட்டினார். இல்லை, இது தெளிவு இல்லை என்றார் அந்த அம்மா. திரும்பவும் நடிச்சாங்க. திரும்பவும் இல்லை. கடைசியில் போல், நீங்களே மேடைக்கு வந்து காட்டுங்க என்று கூப்பிட்டார். அந்த அம்மா ஏறினார், விளக்குமாற்றை எடுத்தார், கணவனாக நடிச்சவரை வெளுத்து வாங்கினார். 'தெளிவாகப் பேசுவது' என்றால் அவர் அகராதியில் என்ன அர்த்தம் என்று அப்போதான் எல்லாருக்கும் விளங்கினது.

பார்வையாளரே மேடையேறி கதையை மாற்றும் 'மன்ற அரங்கு' இப்படித்தான் உருவானது என்று போல் சொல்றார். அந்த அரங்கை நடத்தும் ஆளுக்கு அவர் வைச்ச பெயர் 'ஜோக்கர்'. சீட்டுக்கட்டு ஜோக்கர் மாதிரி எந்தக் கட்சியும் சேராமல், எந்த இடத்துக்கும் பொருந்துகிற ஆள். நம்ம ஊர்க் கோமாளியும் இந்த ஜோக்கரும் ஒரே வேலைக்காரங்கதான்.

அந்த அம்மாவின் யோசனையை நடிகர்கள் தங்கள் மொழியில் மொழிபெயர்த்தவரை அது பிழையாகவே இருந்தது. அவரே வந்து செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆடுகிறவர் கதையை விட்டுப் போகும்போது நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வருகிறார். அதைக் கேட்காமல் இழுத்துப் பிடிச்சால் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை.

"மாட்ட அவுத்துட்டு வர்றேன்"

இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்கள். 2003 மே, 2017 மே இரண்டிலும் இரத்தினபுரி வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கிச் சீரழிஞ்சது. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிஞ்சு ஊரையே மூடினது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் தோட்ட லயத்தின் மேலும் மண் விழுந்து ஆட்கள் செத்துப்போனாங்க. மழை கூடினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் உடனே வெளியேறணும்.

இதுக்காக ஒத்திகை வைப்பாங்க. ஒத்திகை என்றாலே ஒரு ரோல் பிளேதான். "சைரன் கேட்டா எல்லாரும் வரிசையா பள்ளிக்கூடத்துக்குப் போகணும்." போவாங்க. பதினைந்து நிமிஷத்தில் முடியும். எல்லாருக்கும் சந்தோஷம்.

இப்போ நம்ம தோட்டத்து இளைஞர் மன்றம் இதையே ஒரு ஆட்டமாக நடத்துது என்று வைச்சுக்குவோம். லயத்து ஆட்களே தங்கள் பாத்திரத்தை ஆடுறாங்க. கேம் மாஸ்டர் சொல்றார்: "மூணு நாளா மழை. ராத்திரி பதினொரு மணி. சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கு. என்ன செய்யிறீங்க?"

ஒரு அப்பாயி சொல்றாங்க: "நான் மாட்ட அவுத்துட்டு வர்றேன்."

இன்னொரு அக்கா: "எங்க மாமாவுக்கு நடக்க ஏலாது. வீட்டுல ஆம்பள ஆள் எல்லாம் கொழும்புல. யார் தூக்குறது?"

ஒரு பையன்: "பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில ஓடை இருக்கு. மழைக்கு அத தாண்ட ஏலாது. நாங்க கோயிலுக்குத்தான் போவோம்."

ஒரு தாத்தா: "பெட்டியில இருக்கிற பேப்பரெல்லாம் எடுக்காம நான் வரமாட்டேன்."

பால் வெட்டுற ஒருத்தர்: "மூணு நாளா மழையில வெட்டு இல்ல, பேரு இல்ல. விடியக்காலம் மழை விட்டா வேலைக்குப் போகணும். நான் லயத்துலயே இருக்கேன்."

இதில் ஒன்றுகூடத் தாளில் இல்லை. "அப்பாயி, முதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போங்க, மாட்ட பிறகு பார்ப்போம்" என்று நடத்துகிறவர் சொன்னால் அப்பாயி சிரிச்சுக்கிட்டே வரிசையில் நிற்பாங்க. ஆனால் நிஜமாக மண் சரியும் ராத்திரியில் அப்பாயி மாட்டுக்கொட்டகைக்குத்தான் போவாங்க. ஒத்திகையில் நம்ம காதை மூடிக்கிட்டதுக்கு விலை அன்றைக்குத் தெரியும்.

நல்ல கேம் மாஸ்டர் மாட்டுப் பின்னாலேயே போவார். "சரி அப்பாயி, கொட்டகைக்குப் போறீங்க. இருட்டு. டோர்ச் யார் கையில? மாட்ட அவுத்து எந்தப் பக்கம் விரட்டுறீங்க? பேரப்பிள்ள எங்க நிக்குது?" இரண்டு கேள்வியில் ஊருக்கே ஒரு விஷயம் தெரிஞ்சிடும்: செம்மஞ்சள் எச்சரிக்கை வந்தபோதே மாட்டை மாற்றிக் கட்டியிருக்கணும், அதுக்கு ஒரு இடம் பார்த்து வைச்சிருக்கணும். எந்த அதிகாரியின் தாளிலும் இல்லாத அந்த முடிவு ஒரு அப்பாயி கதையை விட்டு ஓடினதால் கிடைச்சது.

தாத்தாவின் பேப்பரையும் லேசாக எடுக்காதீங்க. 1948 சட்டத்தில் குடியுரிமை போனது, 1964 ஒப்பந்தத்தில் ஆட்களைப் பங்கு பிரிச்சது, நாடற்றவர்களாக மிஞ்சினவங்களுக்கு 2003இல் சட்டம் வந்தது. இந்த வரலாறு தெரிஞ்ச கேம் மாஸ்டருக்குத் தாத்தா ஏன் தகரப் பெட்டியை விட்டு நகரமாட்டார் என்று புரியும். பேப்பர் இல்லாதவன் ஆள் இல்லை என்று அவர் தலைமுறைக்கு இந்த நாடு சொல்லிக் கொடுத்திருக்கு. "உயிரைவிட பேப்பர் பெரிசா?" என்று கேட்பது சுலபம். பிளாஸ்டிக் உறை ஒன்றில் எல்லாத்தையும் போட்டு மழைக்காலம் முழுக்க வாசல் பக்கம் மாட்டி வைப்போம் என்ற முடிவுக்கு ஆட்டம் வந்து சேர, முதலில் தாத்தாவை மறுக்க விடணும்.

சரி, எப்படிச் சமாளிப்பது?

கதையைத் தயாரிக்காதீங்க, ஆட்களைத் தயாரிங்க. 'தொரை இதைச் சொல்வார், தலைவர் அதைச் சொல்வார்' என்று வசனம் எழுதி வைச்சால் ஒரு திருப்பத்தில் எல்லாம் வீண். தொரைக்கு என்ன வேணும், எதுக்குப் பயப்படுறார்? தலைவருக்கு இந்த வருஷம் என்ன நெருக்கடி? கணக்கப்பிள்ளை யாருக்குக் கடன்பட்டிருக்கார்? இது தெரிஞ்சால் ஆடுகிறவர்கள் எந்த வழியாக வந்து கதவைத் தட்டினாலும் பதில் தானாக வரும். ஆளுக்கு இரண்டு வரி போதும்.

'இல்லை'க்குப் பதில் 'ஆமாம், ஆனா' சொல்லிப் பழகுங்க. நடிப்புப் பயிற்சி கொடுத்த கீத் ஜான்ஸ்டன், ஒருத்தர் முன்வைக்கும் யோசனையை மற்றவர் வெட்டிவிட்டால் காட்சி செத்துப்போகும் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கார். ஏற்றுக்கொள், ஆனால் அதுக்கு ஒரு விலை வை. நம்ம வாழ்க்கையிலேயே இதுக்கு உதாரணம் இருக்கு. 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. ஆமாம். ஆனால் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் சேர்ந்தே கூடிச்சு. ஆட்டத்திலும் அதுதான். பைப்பைத் திருப்பிவிட்ட ஆளைப் பிள்ளைகள் கையும் களவுமாகப் பிடிச்சிட்டாங்களா? ஆமாம், பிடிச்சாச்சு. ஆனால் அது அவங்களில் ஒருத்தியின் சித்தப்பா. இப்போ என்ன செய்யப்போறீங்க?

சந்தேகமான இடத்தை அதிர்ஷ்டத்திடம் விடுங்க. விதவிதமான பகடை வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும் மட்டும் தரையில் தேய்ச்சுக்குங்க. மூன்று அல்லது நாலு வெள்ளை விழுந்தால் நினைச்சது நடந்தது. இரண்டு வெள்ளை என்றால் நடந்தது, ஆனால் ஒரு விலையோடு. ஒன்று அல்லது ஒன்றுமே இல்லை என்றால் காரியம் கெட்டது. கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழும் என்றால் 16க்கு 5 தடவை முதலாவது, 6 தடவை இரண்டாவது, 5 தடவை மூன்றாவது வரும். கேம் மாஸ்டர் தன் பக்கத்து ஆளுக்குச் சாதகம் செய்றார் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

யோசனை வரலையா, கேளுங்க. "நீ தொரை பங்களாவுக்குப் பின்பக்கமா போறே. அங்க யார் நிக்கிறா?" என்று ஆடுகிறவரிடமே கேட்டால் அவரே உலகத்தில் ஒரு துண்டைக் கட்டிக் கொடுப்பார். அதுவும் போதாட்டி, "பிளேன்டீ குடிச்சிட்டு வருவோம்" என்று பத்து நிமிஷம் எடுத்துக்குங்க. கூத்திலும் தப்பைக் காய்ச்ச நேரம் எடுக்கிறதுதானே.

மொழியை அடக்காதீங்க. நம்ம பக்கத்துப் பிள்ளைகளில் நிறைய பேர் கோபம் வந்தால் சிங்களத்தில் பேசும், அழுகை வந்தால் தமிழில் அழும். நடுவில் மொழி மாறுவதும் ஒருவிதத்தில் கதையை விட்டுப் போவதுதான். "தமிழ்ல பேசு" என்று திருத்தினால் அந்தப் பிள்ளை பேச்சையே நிறுத்திடும்.

எதுவும் செய்யலாமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். எல்லாத்துக்கும் ஆமாம் சொன்னால் ஆட்டம் சந்தையாகிடாதா? சத்தம் கூடின இரண்டு பையன்கள் மொத்த ஆட்டத்தையும் தூக்கிட்டுப் போயிடுவாங்களே? ஒரு பிள்ளையை அவமானப்படுத்துகிற பக்கம் கதை திரும்பினால்?

திரும்பும். அதனால்தான் கம்பம் வேணும் என்கிறேன். ஆட்டம் தொடங்க முன்னமே இரண்டு மூன்று விஷயத்தை எல்லாரும் சேர்ந்து நட்டு வைக்கணும். நிஜ ஆட்களின் பெயரோ, லயத்துக்குள் யாரையாவது கைகாட்டும் விஷயமோ ஆட்டத்துக்குள் வராது. யாராவது 'போதும்' என்று கையைத் தூக்கினால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சி நிற்கும். ஒருத்தர் பாத்திரத்தை இன்னொருத்தர் ஆட முடியாது. இதைத் தாண்டி யாராவது போனால் அப்போ 'இல்லை' என்று சொல்லலாம், சொல்லணும். கம்பத்தை அசைக்கிறவனைத் தடுப்பதும், கம்பத்தைச் சுற்றி வேறு மாதிரி ஆடுகிறவனைத் தடுப்பதும் ஒன்று இல்லை.

ஆட்டத்தைத் தூக்கிட்டுப் போகும் பையன் விஷயத்தில் ஒன்று கவனிங்க. அவன் கதையை விட்டுப் போகல, மற்றவங்க கதையைப் பிடுங்கிறான். அவனிடம் 'ஆமாம்' சொல்லிட்டு அடுத்த கேள்வியைப் பேசாமல் இருக்கும் தங்கச்சியிடம் கேளுங்க. "அவன் தொரையோட சண்டைக்குப் போயிட்டான். நீ அந்த நேரம் எங்க நிக்கிறே?" காமன் கூத்தில் ரதியாக ஆம்பளைங்கதான் ஆடி வந்தாங்க. பெண்பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தாங்க. நம்ம ஆட்டத்தில் அந்தப் பழக்கத்தை நீட்டிக்க வேண்டிய அவசியம் இல்லை. தொரையாகவும் தலைவராகவும் கோமாளியாகவும் தங்கச்சிமார் ஆடட்டும்.

நேரம் இல்லை என்பது அடுத்த சாட்டு. இரண்டு மணித்தியாலத்தில் அறிக்கைக்குத் தேவையானதை முடிக்கணும் என்கிறாங்க. சரி, அறிக்கைக்கு என்ன எழுதுவீங்க? 'பங்கேற்றவர்கள் தலைவரிடம் முறையிடக் கற்றுக்கொண்டனர்' என்றா? அதை அவங்க பிறந்ததில் இருந்தே செய்றாங்க. ஓடையைத் தாண்ட முடியாததால் பள்ளிக்கூடம் சரியான புகலிடம் இல்லை என்று எழுதினால் அந்தத் தாளுக்கு ஒரு பெறுமதி இருக்கும்.

தோட்டத்து வாழ்க்கை ஏற்கனவே அடுத்தவன் எழுதின தாளில்தான் ஓடுது. எத்தனை மணிக்குப் பெரட்டு, எத்தனை கிலோ, எந்த மலை, எந்த லயம் எல்லாம் யாரோ முடிவு செய்து வைச்சது. வேலை முடிஞ்சு வந்து உட்காரும் ஒரு விளையாட்டிலும் இன்னொரு தாளைக் கொடுத்து, இப்படித்தான் யோசிக்கணும் என்று சொல்ல வேண்டாம். வாழ்க்கையில் வேறு வழி எடுத்துப் பார்க்க நிறைய விலை கொடுக்கணும். ஆட்டத்தில் நாலு புளியங்கொட்டை போதும். அங்கேயாவது பழகட்டும்.

இந்த வருஷ மழைக்கு முன்னால் உங்க தோட்டத்தில் ஒரு ஆட்டம் நடத்திப் பாருங்க. ஒரு நிலைமை, ஐந்தாறு ஆட்கள், மூன்று கம்பம். யாராவது எழும்பி "நாங்க அப்படிச் செய்யமாட்டோம்" என்று சொல்லும்போது தாளைப் பார்க்காதீங்க. அவங்க முகத்தைப் பார்த்து, "சரி, அப்ப என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்க.